ஆறாத கட்டில்

அமெரிக்கா என்றால் அள்ள அள்ளக் குறையாத தேசம் என்று சொல்லித்தான் எல்லோரையும் கப்பலேற்றி அனுப்பினார்கள். ஆனால் பென்சில்வேனியாவில் எஃகு ஆலைக்குக் கீழே, ஆற்றங்கரையில் கிடந்த அந்தச் சந்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு அள்ளக் கிடைத்தது கரியும் சாம்பலும்தான். ஸ்லோவாக்கியர், இத்தாலியர், போலந்துக்காரர், ஹங்கேரிக்காரர் என்று நாலு தேசத்து ஜனங்கள், ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும், ஒரே பம்பில் தண்ணீர் பிடித்து, ஒரே பனியில் வழுக்கி விழுந்து, ஒரே சங்குக்கு எழுந்து, ஒரே சங்குக்குப் படுத்தார்கள். ஆலைச் சங்கு காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஊதும். பகல் ஷிப்ட் ஆள் உள்ளே போவான், இரவு ஷிப்ட் ஆள் வெளியே வருவான், வந்தவன் நேராகப் போய் விழுகிற கட்டில் போனவன் அப்போதுதான் எழுந்த கட்டிலாக இருக்கும். ஒரு கட்டிலுக்கு இரண்டு ஆள் என்பது அந்தச் சந்தின் சட்டம். அதனால் அங்கே எந்தக் கட்டிலும் ஆறுவதே கிடையாது.

யூலா என்கிற ஸ்லோவாக்கியப் பெண் மாடியில் நாலு கட்டிலும் எட்டு ஆளுமாக விடுதி நடத்தினாள். முப்பது வயதுகூட ஆகாதவளைச் சந்தே 'மிஸ்ஸஸ்' என்றுதான் கூப்பிட்டது. எட்டுப் பேரும் அவரவர் கறியை அவரவர் வாங்கி வந்து கொடுப்பார்கள். யூலா ஒரே பானையில் போட்டு வேகவைப்பாள். யார் கறி யாருடையது என்று சண்டை வராமல் இருக்க ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் இரண்டு முடிச்சு, ஒன்றில் சட்டைப் பொத்தான் என்று கட்டிவிடுவாள். பொத்தான்காரன் ஒருநாளும் நூல்காரன் துண்டைத் தொட்டதில்லை.

யூலாவும் அவள் புருஷன் மாதுஷும் படுப்பது அடுப்படிக் கட்டிலில். படுப்பது என்றால் சேர்ந்து படுப்பது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாதுஷுக்கு உலை வாயில் இரவு வேலை. உலைக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, கிறிஸ்துமஸும் கிடையாது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்தக் கட்டிலில் கிடந்த நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவள் விடியுமுன்னே எழுந்து ஆட்களுக்குச் சாப்பாட்டு வாளி நிரப்பப் போய்விட்டாலும், அவன் ஆறரை மணிக்கு வந்து சாயும்போது அவள் படுத்த இடம் வெதுவெதுப்பாக இருக்கும். அவன் மாலையில் எழுந்து போய் நாலைந்து மணி நேரம் கழித்து அவள் வந்து படுத்தாலும் அவன் முதுகு அழுந்திய பள்ளத்தில் சூடு காத்துக்கொண்டிருக்கும். எந்தப் போர்வையும் அவ்வளவு நேரம் சூட்டைப் பிடித்துவைக்காது என்று இரண்டு பேருக்குமே தெரியும். ஆனால் இதையெல்லாம் போய் யாரிடம் சொல்வது? புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ள வேண்டியதை அந்தக் கட்டில் பேசிவிட்டுப் போகிறது என்று இருந்துவிட்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாம் வருஷம், மரங்கள் இலை உதிர்க்கிற காலத்தில், நியூயார்க்கில் வங்கிகள் கதவைச் சாத்தின. எங்கேயோ இடி இடித்தால் எங்கேயோ மழை பெய்யும் என்பார்களே, அப்படி நவம்பரில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு இங்கே சங்கு ஊதவில்லை. சந்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து, சட்டை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று காத்திருந்தார்கள், அது ஊதவே இல்லை. உலைகள் அணைந்தன. கப்பலுக்குக் காசு வைத்திருந்தவர்கள் சொந்த நாட்டுக்குத் திரும்பினார்கள், இல்லாதவர்கள் கூட்ஸ் வண்டிகளில் தொற்றிக்கொண்டு மேற்கே போனார்கள். யூலாவின் எட்டுப் பேரும் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். கடைசியாக மாதுஷ் கிளம்பினான்.

"டகோட்டா பக்கம் தண்டவாளம் போடறாங்களாம். வேலை கிடைச்சதும் எழுதறேன்" என்றான்.

"உனக்குத்தான் எழுதத் தெரியாதே."

"தெரிஞ்சவன் யாரையாவது பிடிச்சு எழுதறேன். உனக்கும்தான் படிக்கத் தெரியாது, நீயும் யாரையாவது பிடிச்சுக்கோ."

அன்று காலை கொஞ்ச நேரம் கட்டிலில் சாய்ந்து எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். அன்றைக்கு யூலா படுத்தபோது அவன் இடம் சூடாக இருந்தது. மறுநாளும் இருந்தது. மூன்றாம் நாளும் இருந்தது. நான்காம் நாள் அடுப்புக்குக் கரி இல்லாமல் ரொட்டி மாவு உப்பாமல் கிடந்தது. அவள் மாவுச் சட்டியைத் தூக்கி அவன் பள்ளத்தில் வைத்துத் துணியால் மூடினாள். ஒரு மணி நேரத்தில் மாவு சட்டி விளிம்பைத் தாண்டி எழும்பி நின்றது. அவளுக்கு வேறு வேலை நிறைய இருந்ததால் அதை நினைத்து வியந்துகொண்டு நிற்கவில்லை.

மருத்துவச்சி பர்பாலாதான் இதை முதலில் கண்டுபிடித்தாள். அந்தச் சந்தில் பாதிப் பிள்ளைகளை உலகத்துக்கு இழுத்துப் போட்டவள் அவள். சின்னவர்கள் அவளை 'தேதா' என்பார்கள், ஸ்லோவாக்கிய மொழியில் அத்தை. புளித்த மாவு கடன் கேட்க வந்தவள், உட்கார இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை.

"யார் படுத்திருந்தா இங்க?"

"யாரும் இல்ல, தேதா. மாதுஷ் போனதிலேர்ந்து இப்படித்தான் இருக்கு."

பர்பாலா முழங்காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்தாள். ஆறு வருஷமாக அவளைத் தூங்கவிடாத முழங்கால் அது. "உயிரோட இருக்கான்" என்றாள். "செத்தவன் இடம் சுடாது. நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்."

அப்புறம் கேட்பானேன்? பெண்கள் மாவுச் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்தார்கள். போலந்துக்காரி ஒருத்தி பதினான்கு முட்டையைக் கொண்டுவந்து வைத்துக் கிறிஸ்துமஸுக்குப் பதின்மூன்று குஞ்சு எடுத்துப்போனாள். மூட்டு வலிக்காரக் கிழவர்கள் ஆளுக்கு அரை மணி நேரம் என்று முறை வைத்துக்கொண்டார்கள். ஷிப்ட் பழக்கம் ஆலை மூடினாலும் போகவில்லை. பாதிரியார் வந்து புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கட்டில் சூடாக இருப்பது பாவம் என்று எங்கேயும் எழுதவில்லை என்று சொல்லி, புனித நீர் தெளித்து, பூட்ஸைக் கழற்றிக் காலை மட்டும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

கம்பெனி வீடுகளை மேற்பார்க்கிற ஏஜெண்ட்டும் வந்தார். சந்தில் எல்லாக் கூரையிலும் பனி இரண்டு முழம் கிடக்க, இந்த ஒரு கூரையில் மட்டும் ஒரு ஆள் நீளத்துக்கு உருகி ஓடு தெரிந்தது. கம்பெனிக் கரியைத் திருடி எரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் மாடி, பரண், கட்டிலடி என்று ஒரு இடம் விடாமல் தேடினார். கரித்தூள்கூடக் கிடைக்கவில்லை. கட்டிலடியிலிருந்து எழுந்திருக்க விளிம்பைப் பிடிக்கப் போனவர் கை தவறி அந்தப் பள்ளத்தில் பட்டது. கையை எடுக்காமல் வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் அவர் மனைவி முக்காடு போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக மாவுச் சட்டியோடு வந்தாள்.

எதிர்வீட்டு கொன்செத்தா மட்டும் எதையும் கொண்டுவரவில்லை. இத்தாலிக்காரி. செப்டம்பரில் அவள் புருஷனை உலை விழுங்கிவிட்டது. சவப்பெட்டிக்குள் வைக்க அவன் பூட்ஸ் மட்டும்தான் கிடைத்தது. மத்தியானங்களில் வருவாள், ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி ரொஸீனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளங்கையைக் கட்டிலில் பதித்து நிற்பாள், போய்விடுவாள்.

ஒருநாள் கேட்டாள்: "எங்க கட்டில் ஏன் ஒரு ராத்திரிகூடச் சூடா இருக்கல?"

அவன் செத்துவிட்டான் என்று சொல்ல யூலாவுக்கு வாய் வரவில்லை. "நீங்க சேர்ந்து படுத்தீங்க. நாங்க மாத்தி மாத்திப் படுத்தோம். எங்க சூட்டுக்குக் காத்திருந்து பழக்கம்" என்றாள். கொன்செத்தா தலையாட்டினாள். இரண்டு பேருக்கும் உண்மை தெரியும்.

டிசம்பர் முழுக்க மாதுஷ் சந்துக்கே சொந்தமாகிவிட்டான். காலையில் பம்படியில் வணக்கம் சொல்வதற்குமுன் "இன்னிக்கு மாதுஷ் எப்படி?" என்று கேட்டார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டிபோல் சுட்டால், "வேலை கிடைச்சிருக்கு, கை கால் ஓடுது" என்பாள் யூலா. லேசாக இருந்தால், "பட்டினியா நடக்கறான்போல" என்பாள், அன்றைக்குச் சந்தில் பாதிப் பேருக்குச் சோறு இறங்காது. கண்ணால் பார்க்காத தேசத்தில் நடந்துபோகிற ஒரு மனிதனை ஒரு தெருவே கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்த மறுவாரம் சூடு குறைய ஆரம்பித்தது. தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை இருந்தது நெஞ்சளவுக்குச் சுருங்கியது. பிறகு ஒரு தட்டளவு ஆயிற்று. யூலா மாவுச் சட்டிகளை வெளியே வைத்தாள், கிழவர்களைப் போகச் சொன்னாள், கதவைத் தாழிட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். வேறு எந்த உடம்பு அதில் பட்டாலும் அந்த உடம்பின் சூடு கலந்துவிடும், அப்புறம் எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. அவள் தரையில் படுத்துக்கொண்டு, மணிக்கொரு தரம் எழுந்து கை வைத்துப் பார்த்தாள். ஒன்பது நாள் யாரையும் உள்ளே விடவில்லை.

அந்த ஒன்பது நாளில்தான் ஆறு உறைந்தது, பம்பு உறைந்தது, சந்து தன் வேலிகளை எரித்தது, நாற்காலிகளை எரித்தது, மாடிப்படியில் ஒன்றுவிட்டு ஒன்று பெயர்த்து எரித்தது. போலந்துக்காரியின் கைக்குழந்தை ஒன்று விடியற்காலையில் விறைத்துப்போயிற்று. யாரும் யூலாவைக் குறை சொல்லவில்லை. அவள் வாசலைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். அது அவளுக்கு ஏச்சைவிடப் பெரிதாக உறைத்தது.

பத்தாம் நாள் மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வாசற்படியில் கொன்செத்தா உட்கார்ந்திருந்தாள். மடியில் சால்வை மூட்டை, மூட்டைக்குள் ரொஸீனா. பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. கொன்செத்தா கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாரையும் எதுவும் கேட்காதவளாக உட்கார்ந்திருந்தாள்.

யூலா ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நாலு தடவை நடந்தாள். நாலாம் தடவை தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

"வந்தவ ஏன் கதவைத் தட்டல?"

"தட்டினா நீ திறக்கணுமே" என்றாள் கொன்செத்தா. "திறக்கலேன்னா அதுவும் உனக்குப் பாரம். அதான் சும்மா உக்காந்தேன்."

"இவளைப் படுக்கவெச்சா எனக்கு அவன் இருக்கானா இல்லையான்னு தெரியாமப் போயிடும்."

"தெரியும்டி. எனக்குத் தெரிஞ்சுது. கையை வெச்சேன், ஜில்லுன்னு இருந்துது, தெரிஞ்சுபோச்சு. அப்படித் தெரிஞ்சுக்கறது நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். உன் இஷ்டம்."

யூலா கடைசியாக ஒரு தடவை கை வைத்துப் பார்த்தாள். உள்ளங்கை அளவுதான் மிச்சம் இருந்தது, பூனை படுத்து எழுந்த இடம்போல. "என்னை மன்னிச்சுக்கோ" என்று அந்த இடத்திடம் சொன்னாள். பிறகு பிள்ளையை வாங்கி, சரியாக அதன்மேல் படுக்கவைத்தாள். ஒரு புருஷனைத் தன் கையாலேயே புதைப்பதுபோல் இருந்தது அவளுக்கு. அழுகை வந்தது, அழுதாள், அழுதுகொண்டே திரும்பி, "மத்த நாலும் எங்க? கூட்டிட்டு வா. ஒண்ணு படுத்தா என்ன, எல்லாம் படுத்தா என்ன" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் சந்தில் மிச்சமிருந்த பிள்ளைகள் பதினொன்றும் அந்தக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தன. பீப்பாயில் அடுக்கிய மீன்போல் தலைமாடு கால்மாடாகக் குறுக்கே படுக்கவைத்து, ஏழு வீட்டுக் கம்பளிகளையும் மேலே போட்டார்கள். மூத்த பிள்ளைகள் முறை போட்டு எழுந்து விறகு பொறுக்கப் போனாலும் கட்டில் ஒரு நிமிஷம் காலியாகக் கூடாது என்று பர்பாலா உத்தரவு போட்டாள். அடியிலிருந்த சின்னச் சூட்டை இந்தப் பதினொரு சூடும் பற்றிக்கொண்டு, கங்கின்மேல் சுள்ளி வைத்ததுபோல் வளர்ந்து, அடுப்படியை நிறைத்து, சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கும் போயிற்று. கூரையில் உருகிய இடம் ஒரு ஆள் நீளத்திலிருந்து கூரை முழுக்கப் பரவியது. பெரியவர்கள் அந்தச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள், கோவிலில் உட்காருவதுபோல.

யூலா மட்டும் ஒவ்வொரு காலையும் பிள்ளைகளுக்கு அடியில் கையை விட்டுத் தேடினாள். எங்கே தொட்டாலும் சூடு, ஆனால் எல்லாம் பிள்ளைச் சூடு. அவற்றில் ஒன்றாவது அவனுடையதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. முதல் இரண்டு நாள் கொன்செத்தாவோடு அவள் பேசவில்லை. மூன்றாம் நாள் ரொஸீனா கண்ணைத் திறந்து ரொட்டி கேட்டாள், அதற்குப்பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. பம்படியில் மாதுஷ் எப்படி என்று யாரும் இப்போது கேட்பதில்லை.

ஏழு வாரம் கழித்து ஆற்றில் பனிக்கட்டி பீரங்கி வெடித்ததுபோல் பிளந்தது. பதினொரு பிள்ளைகளில் ஒன்றும் குறையவில்லை. வெயில் அடித்த முதல் நாள் எல்லாம் கட்டிலைவிட்டு இறங்கி வாசலுக்கு ஓடின, கட்டில் காலியாயிற்று. பெண்கள் ஒவ்வொருவராக அடுப்படி வாசலில் வந்து நின்றார்கள்.

"பிள்ளைங்க சூடு ஒரு மணி நேரத்துல ஆறிடும்" என்றாள் பர்பாலா. "அப்புறம் கை வெச்சுப் பாரு."

யூலா கட்டிலைப் பார்த்தாள். பிறகு விரிப்பை ஒரே இழுப்பில் உருவினாள், உள்ளே போட்டிருந்த வைக்கோலைக் கொட்டினாள். பிள்ளைகள் நனைத்து நனைத்து அது வீச்சமடித்தது. "தொவைக்கணும்" என்றாள். "இன்னிக்கு ஒரு நாள் தெரியாம இருந்துட்டுப் போறேன், தேதா. பழகிடுச்சு."

அவள் பின்கட்டில் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் முன்வாசலில் பிள்ளைகளின் சத்தம் சட்டென்று நின்றது. ஈர விரிப்பைக் கையில் பிடித்தபடியே எட்டிப் பார்த்தாள். தாடி மார்புவரை இறங்கிய, எலும்பும் தோலுமான ஒரு ஆள் படிக்கட்டின் எதிரே நின்றுகொண்டிருந்தான். அது மாதுஷ்தான். ஆனால் அவன் வீட்டைப் பார்க்கவில்லை, பெண்டாட்டியைத் தேடவில்லை, படிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்கள்ல தூக்கத்துல உதைக்கறது யாரு?" என்று கேட்டான்.

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"பல்லைக் கடிக்கறது ஒண்ணு இருக்கு. மூக்கு ஒழுகறது ரெண்டு. விடியக்காலம் ஆனா என் முதுகை நனைக்கறது ஒண்ணு. அதெல்லாம் பரவாயில்ல. உதைக்கறது யாருன்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

பர்பாலா சிலுவை போட்டுக்கொண்டாள். யூலா அவன் முன்னால் வந்து நின்றாள். கேட்க வேண்டியது ஆயிரம் இருக்க, வாயில் வந்தது ஒன்றுதான்.

"என்னிக்கு? என்னிக்கு ஆரம்பிச்சுது அது?"

"டகோட்டாவுல" என்றான் அவன், நேற்று நடந்ததைச் சொல்வதுபோல. "பனியில கூட்ஸ் வண்டி நின்னுபோச்சு, பெட்டிக்குள்ள நாங்க மூணு பேரு. ஒன்பது நாள். நடுக்கம்கூட நின்னுடுச்சு, யூலா. நடுக்கம் நின்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம். பத்தாம் நாள் மத்தியானம் யாரோ ஒரு சின்னப் பிள்ளையைத் தூக்கி என் நெஞ்சுமேல படுக்கவெச்சாங்க. கண்ணைத் திறந்து பார்த்தா யாரும் இல்ல. ஆனா பாரம் இருந்துது, மூச்சு இருந்துது. அப்புறம் ஒவ்வொண்ணா ஏறிப் படுத்துதுங்க. மத்த ரெண்டு பேரும் என்னைக் கட்டிக்கிட்டுப் படுத்து அவங்களும் பிழைச்சாங்க. அன்னியிலேர்ந்து இன்னிக்குக் காலைவரைக்கும் இறங்கவே இல்ல."

யூலா ஈரச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள், விரிப்பு மடியில் கிடந்தது. போனவன் விட்டுப்போவதுதான் சூடு என்றே அந்தச் சந்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள், அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். இங்கே படுப்பவர்களின் சூடு அங்கே போய்ச் சேரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவன் இருக்கிறானா என்று தெரிந்துகொள்வதற்காக ஒன்பது நாள் அந்தக் கட்டிலைக் காலியாக வைத்திருந்தாளே, இன்னும் ஒரே ஒரு நாள் தாழ்ப்பாளைத் தள்ளாமல் இருந்திருந்தால் நன்றாகத் தெரிந்துகொண்டிருப்பாள். கொன்செத்தா வந்து பக்கத்தில் அதே சேற்றில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மாதுஷ் சட்டையைத் தூக்கிக் காட்டினான். இடது விலாவில் நீலமாகக் கன்றிப்போன தழும்பு ஒன்று, சின்னப் பிளம் பழம் அளவு, ஏழு வாரமாக ஒரே இடத்தில் பட்டுப் பட்டு ஆறாமல் இருந்தது.

கடைசிப் படியில் இருந்த ரொஸீனா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அவன் அவள் எதிரே மண்டியிட்டதும், செருப்பில்லாத வலது காலை மெதுவாகத் தூக்கி, குதிகாலை அந்தத் தழும்பின்மேல் வைத்தாள். அளவு சரியாக இருந்தது. வலியில் மாதுஷ் முகத்தைச் சுளித்தான், ஆனால் அவள் காலை எடுக்கப் போனபோது எடுக்க விடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.